தக்காளியில் இலை சுருளுதல்: காரணங்களும் காக்கும் வழிகளும்

தக்காளிச் செய்கையில் ஈடுபட்ட கமக்காரருள் இலை சுருளுதலைக் காணாதவர் அரியர். நாற்று நட்டு மூன்று கிழமை சென்றபின், செழித்து நின்ற செடிகளிற் சிலவற்றின் இலைகள் ஓரம் மடிந்து கிண்ணம்போற் குழிந்தோ, குழல்போற் சுருண்டோ காணப்படும். அதனைக் கண்டவுடன் பெரும்பாலோர் செய்வது யாது? கடைக்குச் சென்று, இலை சுருளுகின்றது என்று சொல்லி, கிடைத்த மருந்தை வாங்கிவந்து அன்று மாலையே தெளித்துவிடுவர். ஒரு கிழமையிற் குணங் காணாவிடின் வேறொரு மருந்தை வாங்குவர். மருந்துக்கும் கூலிக்கும் பணம் செலவாகும்; இலையோ விரியாது.

இதற்குக் காரணம் கமக்காரரின் முயற்சிக் குறைவன்று. இலை சுருளுதல் என்பது ஒரு தனி நோயன்று. அஃது ஓர் அடையாளம் மாத்திரமே. மனிதருக்குக் காய்ச்சல் பல காரணங்களால் வருவதுபோலத் தக்காளிச் செடியின் இலையும் பல காரணங்களாற் சுருளும். நீர் குறைந்தாலும் சுருளும், மிகுந்தாலும் சுருளும். பூச்சி சாற்றை உறிஞ்சினாலும் சுருளும். அயல் வயலிற் களைநாசினி தெளித்தாலும் சுருளும். வைரசு நோய் பற்றினாலும் சுருளும். இவற்றுட் சில தாமாகவே மாறிவிடும். சில ஒரு நாள் வேலையால் நீங்கும். வைரசினால் வருவதற்கோ மருந்தே கிடையாது. அச்செடியைக் கண்ட அன்றே பிடுங்குதல் வேண்டும்.

ஆகவே காரணத்தைப் பிரித்தறிவதே முதல் வேலையாகும். வெயிலாற் சுருண்ட செடியை நோயென்று எண்ணிப் பிடுங்குபவர் நல்ல செடியை இழப்பர். நோயுற்ற செடியை வெயிலால் வாடியதென்று எண்ணி விட்டுவைப்பவர் தோட்டம் முழுவதையுமே இழத்தல் கூடும்.

தோட்டத்திற் பார்க்க வேண்டியவை

மருந்துக் கடைக்குச் செல்லுமுன் கமக்காரர் தம் தோட்டத்தில் நின்று நான்கு விடயங்களை ஆராய்தல் வேண்டும். இதற்கு ஒரு கைவில்லை இருப்பின் நன்று. இல்லாவிடினும் கண்ணும் பொறுமையும் போதும்.

முதலாவது, எந்த இலை சுருண்டுள்ளது? அடியிலுள்ள முதிர்ந்த இலைகளா, நுனியிலுள்ள குருத்திலைகளா? இரண்டாவது, எப்பக்கமாகச் சுருண்டுள்ளது? ஓரங்கள் மேனோக்கி மடிந்துள்ளனவா, கீழ்நோக்கி வளைந்துள்ளனவா, அன்றி முறுக்கிக்கொண்டுள்ளனவா? மூன்றாவது, நிறம் எவ்வாறுள்ளது? பச்சை மாறாதிருக்கின்றதா, நரம்புகளுக்கிடையில் மஞ்சள் பரவியுள்ளதா, இலையின் கீழ்ப்புறம் செம்பு நிறங் கொண்டுள்ளதா? நான்காவது, தோட்டத்தில் எவ்வாறு பரந்துள்ளது? எல்லாச் செடிகளும் ஒருமிக்கச் சுருண்டனவா, அங்கொன்றும் இங்கொன்றுமாகவா, ஒரு வேலியோரத்தில் மாத்திரமா?

இந்நான்கு வினாக்களுக்கும் விடை கிடைத்தாற் காரணம் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

வெயிலாலும் நீராலும் வரும் சுருள்

அடியிலைகள் முதலிற் சுருண்டு, ஓரங்கள் மேனோக்கி மடிந்து, இலை தடித்துத் தோல்போல் விறைத்திருந்து, பச்சை நிறம் மாறாதிருப்பின் அஃது அநேகமாக நோயன்று. செடி தன்னைத் தானே காத்துக்கொள்ளும் முறையே அது. கடும் வெயிலிலும் காய்ந்த காற்றிலும் இலை தன் பரப்பைச் சுருக்கி நீர் வெளியேறுவதைக் குறைக்கின்றது. சோளகக் காற்று வீசுங் காலத்தில் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் ஒரே நாளில் எல்லாச் செடிகளும் இவ்வாறு சுருளுதல் உண்டு.

நீர்க்குறைவைச் சோதித்தறிவது எளிது. மாலையில் வேர்வரை நனையுமாறு இறைத்துவிட்டு, மறுநாள் விடியற்காலையிற் செடியைப் பார்த்தல் வேண்டும். விடியலில் இலை விரிந்து, நண்பகலில் மீண்டும் சுருண்டாற் காரணம் வெயிலும் நீர்க்குறைவுமே. எனினும் பலநாள் சுருண்டு தடித்துப்போன முதிர்ந்த இலைகள் பின்னர் விரியாமலே நின்றுவிடும். அதற்காக அஞ்சவேண்டியதில்லை. குருத்து நேராக வளர்ந்து, பூவும் பிஞ்சும் பிடிக்குமாயின் விளைவு பெரிதுங் குறையாது.

வெயிலைத் தவிர வேறு காரணங்களும் இத்தகைய சுருளை உண்டாக்கும். களை எடுக்கும்போது செடியின் அடியில் ஆழக் கொத்தினால் மேல்வேர்கள் அறுபட்டுச் செடி நீரின்றித் தவிக்கும். பக்கக் கிளைகளை ஒரே நாளில் மிகுதியாக ஒடித்துவிட்டாலும் எஞ்சிய இலைகள் சுருளும். யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்டாலும் இலை தடித்துச் சுருளும். அன்றியும் அவ்வாறு கொழுத்த மென்மையான செடியைச் சாறுறிஞ்சும் பூச்சிகளும் நாடி வரும்.

நெல்வயலிற் சிறுபோகத்தில் மரக்கறி செய்பவர்கள் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். வயல்மண் நீரைப் பிடித்துவைக்கும் இயல்புடையது. நெல்லுக்கு நன்மையான அக்குணம் தக்காளிக்குத் தீமையாகும். வேரைச் சுற்றி நீர் தேங்கினால் வேர் மூச்சின்றிப் போகும். இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்து தொங்கும். செடி வாடியதுபோலத் தோன்றுவதாற் சிலர் இன்னும் நீர் பாய்ச்சுவர். அது செடியைக் கொல்வதற்கு ஒப்பாகும். வாடிய செடியைக் கண்டால் முதலில் ஒரு சாண் ஆழத்திற்கு மண்ணைத் தோண்டிக் கையாற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். மண் சேறாயிருப்பின் வேண்டுவது நீரன்று, வடிகாலே. வயற்காணியில் உயர்ந்த பாத்திகள் அமைத்து, அவற்றிடையே ஆழமான வாய்க்கால் வெட்டி, நீர் தங்காது ஓடச் செய்தபின்னரே நாற்று நடுதல் நன்று.

சீராக நீர் பாய்ச்சுதல், பாத்தியில் வைக்கோலைப் பரப்பி மண்ணின் ஈரத்தைக் காத்தல், களையை மேலாக எடுத்தல், பசளையைப் பகுதி பகுதியாக இடுதல் என்னும் நான்குமே இவ்வகைச் சுருளுக்கு மருந்தாகும். கடை மருந்து யாதும் வேண்டியதில்லை.

வயலிலிருந்து வரும் தீங்கு

நெல்லும் மரக்கறியும் அருகருகே செய்யப்படும் இடங்களில் மற்றொரு காரணம் அடிக்கடி தோன்றும். வயலில் அகன்ற இலைக் களைகளையும் கோரைகளையும் அழிக்கத் தெளிக்கப்படும் எம்.சீ.பீ.ஏ. போன்ற களைநாசினிகள் செடியின் வளர்ச்சியைக் குழப்பிக் கொல்லும் இயல்புடையன. அவை நெல்லைப் பெரிதும் வருத்தா. தக்காளியோ அவற்றால் மிக எளிதிற் பாதிக்கப்படும் பயிர்களுள் ஒன்று. காற்றில் மிதந்துவந்த நுண்துளிகள் சிலவே போதும்.

இதன் அடையாளம் தெளிவானது. தண்டும் இலைக்காம்பும் பாம்புபோல் முறுக்கி வளையும். புதிதாக வரும் இலைகள் ஒடுங்கி நீண்டு, பன்னத்தின் இலைபோலாகும். நரம்புகள் ஒன்றுக்கொன்று நெருங்கி ஒரே திசையில் ஓடும். வயலை நோக்கிய ஓரத்திற் சேதம் கடுமையாயிருந்து, உள்ளே செல்லச் செல்லக் குறையும். அவ்வோரத்தில் நிற்கும் மிளகாயும் கத்தரியும் அகன்ற இலைக் களைகளுங்கூட முறுக்கியிருத்தல் உண்டு. வைரசு இவ்வாறு ஒரே நாளில் ஒரே ஓரத்திலுள்ள பல பயிர்களையும் தாக்குவதில்லை.

தீங்கு அயலவரால் மாத்திரம் வருவதன்று. தம் கையாலேயே வருதலும் உண்டு. வயலுக்குக் களைநாசினி தெளித்த கருவியைச் சரியாகக் கழுவாது, அதே கருவியிற் பூச்சிநாசினியைக் கலந்து தக்காளிக்குத் தெளிப்பவர் சிலர். கருவியின் குழாயிலும் வாயிலும் ஒட்டியிருந்த மிச்சமே தோட்டத்தைக் கெடுத்துவிடும். ஆதலாற் களைநாசினிக்கென ஒரு தெளிகருவியைத் தனியே வைத்திருத்தலே பாதுகாப்பானது. காற்றில்லாத வேளையில், தெளிவாயை நிலத்துக்கு அருகிற் பிடித்துத் தெளித்தல் வேண்டும். வயலுக்குத் தெளிக்கப்போகும் நாளை அயற்றோட்டக்காரருக்கு முன்னதாக அறிவிப்பது நல்லுறவையும் காக்கும், பயிரையும் காக்கும்.

சிறிதளவு பாதிக்கப்பட்ட செடிகள் சில கிழமைகளிற் புதிய நேரான குருத்தை விடும். அவற்றைப் பிடுங்க வேண்டியதில்லை. குருத்தே கருகி, தண்டு வீங்கி வெடித்தவை தேறா.

சாறுறிஞ்சும் பூச்சிகளும் சிற்றுண்ணிகளும்

சுருண்ட குருத்திலையைத் திருப்பிக் கீழ்ப்புறத்தைப் பார்க்காது எவரும் மருந்து தெளித்தல் ஆகாது. அழுக்கணவன் இருப்பின் அவை கூட்டமாய் ஒட்டியிருப்பதைக் கண்ணாற் காணலாம். அவை கழிக்கும் இனிய நீரைத் தேடி எறும்புகள் ஏறும். இலையிற் கரிபோன்ற பூஞ்சணம் படியும். பனிப்பூச்சி இருப்பின் இலையில் வெள்ளிபோன்ற கீறல்களும் கரும்புள்ளிகளும் தோன்றும். வெள்ளைத் தாளொன்றைப் பிடித்துக் குருத்தை அதன்மேல் தட்டினால் மெல்லிய சிறு பூச்சிகள் ஊர்வதைக் காணலாம்.

சிற்றுண்ணி கண்ணுக்குப் புலப்படாது. அதன் நீளம் ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்களவே. அது குருத்தில் வாழ்ந்து சாற்றை உறிஞ்சும். இளம் இலைகள் ஒடுங்கிக் கீழ்நோக்கி வளைந்து, விறைத்து, கீழ்ப்புறம் செம்பு நிறமடையும். இதனை வைரசு நோயென்று கருதுவோர் பலர். கந்தகங் கலந்த மருந்து சிற்றுண்ணியைக் கட்டுப்படுத்தும். ஆனால் சுட்டெரிக்கும் வெயிலிற் கந்தகத்தைத் தெளித்தால் இலை கருகும். மாலையிலேயே தெளித்தல் வேண்டும். பூச்சியைக் கொல்லும் மருந்துகள் பல சிற்றுண்ணியைக் கொல்லா. சில மருந்துகள் சிற்றுண்ணியைத் தின்னும் நன்மை செய்யும் உயிர்களை அழித்து, அதனைப் பெருகவுஞ் செய்யும். அறியாது தெளிக்கும் மருந்து தீமையாய் முடிவதற்கு இதுவே சான்று.

இலைச்சுருள் வைரசு

எல்லாவற்றினும் கொடியது இதுவே. குருத்திலைகள் சிறுத்து, ஓரங்கள் மேனோக்கி மடிந்து கிண்ணம்போலாகும். நரம்புகளுக்கிடையிலும் ஓரங்களிலும் மஞ்சள் பரவும். கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையாகிப் பற்றைபோல் நிற்கும். பூக்கள் கொட்டும், பிஞ்சு பிடிப்பது அரிது. தொடக்கத்தில் நோயுற்ற செடிகள் தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே தோன்றும். நட்டுச் சில கிழமைக்குள் நோய் பற்றிய செடியிலிருந்து விளைவை எதிர்பார்த்தல் வீணாகும். காய் பிடித்தபின் பற்றினால் இழப்பு குறைவு.

இந்நோய் உலகின் வெப்ப நாடுகள் பலவற்றிலுமுண்டு. யோர்தான் பள்ளத்தாக்கில் 1959 ஆம் ஆண்டில் வெண் ஈக்கள் பெருகியபோது தக்காளிச் செய்கை பேரழிவுற்றது. அந்நோய்க்குக் காரணம் வெண் ஈ பரப்பும் ஒரு வைரசு என்பதை 1964 ஆம் ஆண்டில் கோஹென், ஹார்ப்பாஸ் என்னும் ஆய்வாளர் இருவர் விளக்கினர். இலங்கையிற் காணப்படும் இலைச்சுருள் வைரசு அதற்கு உறவானது. பண்டாரவளையில் 1997 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட மாதிரியிலிருந்து ஆராயப்பட்ட ஒரு வைரசினம் இலங்கையின் பெயராலேயே வழங்கப்படுகின்றது.

வெண் ஈ ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ளது. செடியை அசைத்தால் வெண்துகள்போற் பறந்து மீண்டும் இலையின் கீழ்ப்புறத்தில் அமரும். வெப்பமான காலத்தில் மூன்று கிழமையளவில் முட்டையிலிருந்து முதிர்ந்த ஈ தோன்றிவிடும். ஆதலின் மழை ஓய்ந்து வெயில் ஏறுங் காலத்தில் அது விரைவாய்ப் பெருகும். நோயுற்ற செடியில் 15 முதல் 30 நிமிடம் வரை சாறு உறிஞ்சினாலே வைரசு ஈயினுள்ளே புகும். ஏறக்குறைய ஒரு நாளின்பின் அந்த ஈ நோயைப் பரப்பும் வலிமை பெற்று, பின்னர் பல நாட்களுக்குச் செல்லும் செடிகளுக்கெல்லாம் நோயைக் கொடுக்கும்.

நோய் உட்புகுந்த அன்றே செடி அடையாளங் காட்டுவதில்லை. இரண்டு மூன்று கிழமை சென்றபின்னரே இலை சுருளும். நட்டு இரண்டு மூன்று கிழமையிற் சுருளக் காணும் செடிக்கு நோய் வந்தது நாற்றுமேடையில், அல்லது நட்ட முதல் நாட்களில் என்பது இதனால் விளங்கும். இலை சுருண்டபின் மருந்து தெளிப்பது, நெல்லை எலி தின்றபின் களஞ்சியத்தைப் பூட்டுவது போலாகும். பூச்சிநாசினி ஈயைக் கொல்லுமேயன்றிச் செடியினுள்ளே புகுந்த வைரசைக் கொல்லாது.

நாற்றுமேடையிற் காத்தல்

ஆகையால் வைரசைத் தடுக்கும் போர் நாற்றுமேடையிலேயே நடைபெறல் வேண்டும். பழைய தக்காளி, மிளகாய், கத்தரி, புகையிலை நிற்கும் தோட்டங்களுக்கு அருகில் நாற்றுமேடை அமைத்தலாகாது. விதையிட்ட நாள் முதலாக, ஓர் அங்குலத்தில் 50 கண்கள் உள்ள நெருங்கிய பூச்சித்தடுப்பு வலையால் மேடையை மூடிவைத்தல் வேண்டும். சாதாரண நுளம்பு வலையின் கண்கள் வெண் ஈ நுழையத்தக்க அளவு பெரியவை. வலையின் ஓரங்களை மண்ணாற் புதைத்து, நீர் ஊற்றவும் களை எடுக்கவும் திறந்தால் உடனே மூடுதல் வேண்டும். வலை விலையுயர்ந்ததெனச் சிலர் தயங்குவர். ஆனால் நாற்றுமேடை சிறிய இடம். அதனை மூடும் செலவு, தோட்டம் முழுவதற்கும் பலமுறை மருந்து தெளிக்கும் செலவுக்கு ஈடாகாது. ஒருமுறை வாங்கிய வலை பல போகங்களுக்கு உதவும்.

நடும்போது நாற்றுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, குட்டையானவற்றையும் மஞ்சள் பாய்ந்தவற்றையும் கழித்துவிடுதல் வேண்டும். நாற்றுக் குறைந்ததென்று அவற்றை நடுவது, நோயைத் தம் கையாலேயே தோட்டத்தில் நாட்டுவதாகும்.

தோட்டத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளத்தை முன்னதாக விதைத்து வளர்த்தால் ஈக்களின் வரவு தடைப்படும். மஞ்சள் நிறம் வெண் ஈயைக் கவரும். மஞ்சட் பலகைகளிற் கிறீசு பூசிச் செடியின் உயரத்தில் நிறுத்தினால், ஈ வந்துள்ளதா என்பதைக் காலத்தோடு அறியலாம். வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து, மாலையில் இலையின் கீழ்ப்புறம் நனையுமாறு தெளிப்பது ஈயின் பெருக்கத்தைக் குறைக்கும். பூச்சிநாசினி வேண்டிவரின், விவசாயப் போதனாசிரியர் கூறும் மருந்தை அவர் கூறும் அளவிலேயே இடுதல் வேண்டும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப இட்டால் வெண் ஈ அதற்குப் பழகிவிடும். தெளித்தபின் பழம் பறிப்பதற்குக் குறிக்கப்பட்ட நாட்கள் கழியும்வரை பொறுத்தலும் கட்டாயமாகும்.

காட்டுத் தக்காளியினங்களிலிருந்து நோய்தாங்கும் குணத்தை எடுத்து உண்டாக்கிய வருக்கங்களும் உள. அத்தகைய விதை கிடைக்குமாயின் வாங்குதல் நன்று. எனினும் அவையும் நாற்றுப் பருவத்திற் காக்கப்படல் வேண்டும்.

பிடுங்க வேண்டிய செடி

நட்ட முதல் ஆறு கிழமைகளில் நாள்தோறும் தோட்டத்தைச் சுற்றிவருதல் வேண்டும். வைரசின் அடையாளம் உள்ள செடியைக் கண்டால், ஈக்கள் அதிகம் பறவாத விடியற்காலையில் ஒரு பையாற் செடியை மூடி வேரோடு பிடுங்கி, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்தோ ஆழப் புதைத்தோ விடுதல் வேண்டும். வரம்பில் எறிந்துவிட்டால் அதிலுள்ள ஈக்கள் அடுத்த செடிக்குப் பறந்துவிடும்.

இவ்வேலை மனத்துக்குக் கடினமானது. நீர் இறைத்து வளர்த்த செடி இன்னும் பச்சையாய் நிற்கின்றது. ஒருவேளை தேறிவிடுமென்ற எண்ணம் கையைத் தடுக்கும். ஆனால் அச்செடி தேறாது. அது நிற்கும் ஒவ்வொரு நாளும் அதிலிருந்து ஈக்கள் நோயை ஏற்றிச் செல்கின்றன. பத்துச் செடியை இன்று பிடுங்க மனம் வாராதவர் பின்னர் ஒரு பாத்தியையே கைவிட நேரும்.

கையாற் பரவும் மற்றொரு நோய்

இலைச்சுருள் வைரசு சாதாரணமாகக் கையாலோ கத்தியாலோ பரவுவதில்லை. ஆனால் தக்காளிக்கு வரும் சித்திரவடிவ வைரசு நோய் அவ்வழியாகவே பரவும். இதில் இலையிற் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டாய்த் தோன்றும். சிலவேளை இலை ஒடுங்கிச் சுருங்கும். இதன் இனமான புகையிலை வைரசு பதப்படுத்திய புகையிலையிலும் அழியாதிருக்கும். ஆதலாற் சுருட்டுப் புகைப்பவரும் வெற்றிலையோடு புகையிலை போடுபவரும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே நாற்றைத் தொடுதல் வேண்டும். கிளை ஒடிக்கும்போது நல்ல செடிகளை முதலிலும் ஐயமான செடிகளை இறுதியிலும் தொடுதல் நன்று.

ஊரோடு ஒத்துச் செய்தல்

வெண் ஈக்கு வேலியும் எல்லையும் இல்லை. ஒருவர் தம் தோட்டத்தை எவ்வளவு காத்தாலும், அயலில் அறுவடை முடிந்து கைவிடப்பட்ட தக்காளிச் செடிகள் நின்றால் அவரது முயற்சி பாதி வீணாகும். கடைசிப் பழத்தைப் பறித்த கிழமையிலேயே பழைய செடிகளைப் பிடுங்கி அழித்தல் ஒவ்வொருவரின் கடமையாகும். துத்தி, மணித்தக்காளி முதலிய களைகளிலும் வெண் ஈ வாழுமாதலின், வேலியோரங்களையும் துப்புரவாக்கல் வேண்டும். ஊரிலுள்ளோர் ஒரே காலத்தில் நட்டு, ஒரே காலத்தில் முடித்து, இரு போகங்களுக்கிடையே சில கிழமை தக்காளியும் மிளகாயும் இல்லாத இடைவெளி விட்டால், ஈ தங்குவதற்கும் வைரசு ஒளிந்திருப்பதற்கும் இடமின்றிப் போகும். கமக்காரர் சங்கக் கூட்டங்களில் இதனைப் பேசி முடிவு செய்தல் பயன்தரும்.

காரணம் விளங்காவிடின், சுருண்ட கிளையொன்றை ஒரு பையில் இட்டு விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுதல் வேண்டும். அப்போது கடைசியாக எந்நாள் நீர் பாய்ச்சப்பட்டது, எப்பசளை இடப்பட்டது, அயலில் யாது தெளிக்கப்பட்டது என்பவற்றையும் கூறுதல் வேண்டும். அடியிலை சுருண்டால் மண்ணைப் பார்த்தல், ஓரத்துச் செடி முறுக்கினால் வயலைப் பார்த்தல், குருத்துச் சுருண்டால் இலையின் கீழ்ப்புறத்தைப் பார்த்தல், குருத்து மஞ்சளித்துக் குட்டையானால் அன்றே பிடுங்குதல் ஆகிய இவற்றை நினைவில் வைத்திருக்கும் கமக்காரர் மருந்துச் செலவையும் குறைப்பர், விளைவையும் காப்பர்.